தட்டுங்கள், கேட்கப்படும்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. மைக்கேல் ஹெட்ஜஸ் என்ற அமெரிக்கர் வாசித்த 'ஏரியல் பௌண்டரீஸ்' என்ற கிடார் இசையை எங்காவது பிடித்துக் கேளுங்கள். இணையத்தில் சுலபமாகக் கிடைக்கிறது. ஐந்து நிமிடத்துக்கும் குறைவுதான். ஒரே ஒரு நிபந்தனை. வீடியோ பார்க்கக் கூடாது, ஒலி மட்டும். கேட்டு முடித்ததும் மொத்தம் எத்தனை பேர் வாசித்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் சிலரிடம் இந்தச் சோதனையை நடத்திப் பார்த்தேன். "ரெண்டு கிடார், ஒரு டிரம்" என்றார் ஒருவர். "டிரம் இல்லப்பா, யாரோ மேஜையைத் தட்டுறாங்க" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கொஞ்சம் விவரம் தெரிந்த ஆசாமி. "ஒரே ஆள்தான் சார். ஆனா ஸ்டூடியோல ஒண்ணுமேல ஒண்ணா ரெக்கார்ட் பண்ணி ஒட்டியிருப்பான்" என்றார்.

ஒரு ஆள், ஒரு கிடார், இரண்டு கை. ஒட்டு வேலை எதுவும் கிடையாது. 1984-ல் வெளியானது.

கிடார் என்றால் நம் காதுக்கு என்ன ஞாபகம் வரும்? 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டில் தந்தி தந்தியாகச் சுண்டி, ஓட்டு விளிம்பில் மழை சொட்டுவது போல வருமே, அது. அல்லது கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் ஓரத்தில் நின்றுகொண்டு 'ஜங் ஜக ஜங்' என்று ரிதம் போடும் பையன். இரண்டிலும் கைகளுக்குள் இருக்கும் ஒப்பந்தம் ஒன்றுதான். இடது கை கழுத்தில் தந்தியை அழுத்தி எந்த ஸ்வரம் என்று முடிவு செய்யும். வலது கை அதைச் சத்தமாக்கும். இடது கை உத்தரவு போடும் அதிகாரி, வலது கை அதை நிறைவேற்றும் சிப்பந்தி.

ஹெட்ஜஸ் இந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார். இடது கை விரல் தந்தியை மெதுவாக அழுத்தாமல் சுத்தியல் போலப் பட்டென்று இறங்கினால், அந்த அடியிலேயே ஸ்வரம் பிறந்துவிடும். எடுக்கும்போது லேசாகச் சுண்டிவிட்டு எடுத்தால் இன்னொரு ஸ்வரம். முன்னது 'ஹாமர் ஆன்', பின்னது 'புல் ஆஃப்'. கிடார் கற்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கே தெரிந்த சங்கதிகள். ஆனால் அவர்கள் அதை அங்கங்கே ஒரு அலங்காரமாகச் செய்வார்கள். ஹெட்ஜஸ் அதையே முழுநேரத் தொழிலாக்கினார். விளைவு, இடது கை யார் தயவும் இல்லாமல் ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போக முடிகிறது. வலது கைக்கு வேலையில்லை. அந்தக் கை தட்டுகிறது, அறைகிறது, சமயத்தில் தானும் கழுத்துப் பக்கம் போய் விரல்களை இறக்கித் தன் பங்குக்கு ஸ்வரம் எழுப்புகிறது.

கை காலியாக இருந்ததால் தாளம் வந்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டைக்குத் தேவைப்படும்.

தட்டுவதில் எத்தனை வகை என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். உள்ளங்கையின் அடிப்பாகம் வட்ட ஓட்டைக்குக் கீழ்ப்புறம் பலகையில் இறங்கினால் 'தும்'. உள்ளே அடைபட்டிருக்கும் காற்று குலுங்குகிற சத்தம் அது. பக்கவாட்டுப் பலகையை விரல் நுனியால் தட்டினால் 'டக்'. நகத்தால் கீறினால் 'ஸ்ர்ர்'. கட்டைவிரல் எலும்பால் தடித்த தந்தியை அறைந்தால், தந்தி போய் ஃபிரெட் கம்பியில் மோதிக் காரமாக ஒரு சத்தம். (வீணையில் மெட்டு என்கிறோமே, கிடாரில் அதுதான் ஃபிரெட்.) எல்லாவற்றிலும் அழகானது 12-ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே விரலை நீட்டி அறைந்துவிட்டு, சுடுசட்டியைத் தொட்ட மாதிரி உடனே எடுப்பது. அது தந்தியின் சரிபாதி. தந்தி இரண்டு பாதியாகப் பிரிந்து அதிர்ந்து, ஒரு ஸ்தாயி மேலே சின்ன மணி அடித்த மாதிரி ஒலிக்கும். ஒரே அடியில் தாளமும் கிடைத்தது, ஸ்வரமும் கிடைத்தது. கடம் வித்வான் வயிற்றில் ஒரு தட்டு, கழுத்தில் ஒரு தட்டு என்று ஒரே பானையில் நாலு குரல் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். பானைக்கும் கிடாருக்கும் ஒரு வித்தியாசம். நல்ல கிடாரின் முன்பலகை சுமார் மூன்று மில்லிமீட்டர் கனம்தான். அதை ஆறு ஸ்டீல் தந்திகள் ஏறக்குறைய 70 கிலோ பலத்துடன் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஆள் தொங்குகிற கனம். அந்த நிலையில் இருக்கிற பலகையைத்தான் அறைகிறார்கள்.

இடது கை தனியாக வாசிக்க வேண்டுமென்றால் இன்னொரு ஏற்பாடும் தேவை. வழக்கமான சுருதியில், தந்திகளை அழுத்தாமல் மொத்தமாக மீட்டினால் சுகமாக இருக்காது. விரலை நாலு இடத்தில் வளைத்து வைத்தால்தான் ஒரு கார்டு கிடைக்கும். அறைகிற வேகத்தில் அதற்கெல்லாம் நேரமேது? அதனால் பிருடைகளைத் திருகி சுருதியையே மாற்றிவிடுகிறார்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்பது ஊர் வழக்கம். 'ஏரியல் பௌண்டரீ'ஸில் அது சி, சி, டி, ஜி, ஏ, டி. சி-யை ஸட்ஜமமாக வைத்துக்கொண்டால் ஸ, ஸ, ரி, ப, த, ரி. மோகனத்தில் காந்தாரத்தை மட்டும் யாரோ கழற்றி எடுத்துப்போன மாதிரி இருக்கிறதல்லவா? உடனே மோகன ராகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்கத்திய இசையில் அந்தக் காந்தாரம்தான் 'இது சந்தோஷம், இது சோகம்' என்று பலகை மாட்டுகிற ஸ்வரம். அது இல்லாததால் தந்திகள் இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கின்றன. அந்தப் பாட்டைக் கேட்கும்போது ஏதோ உயரத்தில் நிற்கிற உணர்வு வருவதில் இந்தக் காணாமல் போன ஸ்வரத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

கிடாரைத் தட்டியது ஹெட்ஜஸ்தான் முதலா என்றால், இல்லவே இல்லை. ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ கலைஞர்கள் வெகுகாலமாகத் தட்டுகிறார்கள். அதற்கு 'கோல்பே' என்று பெயரே உண்டு. தட்டித் தட்டிப் பலகை வீணாகாமலிருக்க ஒரு மெல்லிய தகடு ஒட்டிவிடுவார்கள். ஆடுகிறவரின் காலடிக்குப் பதில் சொல்கிற தட்டு அது. அமெரிக்காவின் மிஸிஸிப்பி பக்கம் சார்லி பாட்டன் என்ற கறுப்பினப் பாடகர் 1929-லிருந்து இசைத்தட்டுகள் கொடுத்தவர். கிடாரைத் தட்டுவார், தலைக்குப் பின்னால் பிடித்து வாசிப்பார், தூக்கிப் போட்டுப் பிடிப்பார். சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு ஆடுகிற கூட்டத்துக்கு மைக் இல்லாமல் வாசிக்க வேண்டும். தட்டாமல் என்ன செய்வார்? அவருடைய சகாவும் அதே ஊர்ப்பக்கத்துப் பெரிய பாடகருமான சன் ஹவுஸுக்கு இந்தச் சேஷ்டைகள் பிடிக்கவில்லை. கோமாளித்தனம் என்றே நினைத்தார். ஆக, 'இது வித்தையா, சங்கீதமா?' என்ற தகராறுக்கும் வயது கிட்டத்தட்ட நூறு. பாட்டன் 1934-ல் இறந்துபோனார். தகராறு இன்னும் நடக்கிறது. நானும் என் பங்குக்கு இப்போது அதில் தலையை நுழைக்கப் போகிறேன்.

ஹெட்ஜஸ் 1953-ல் பிறந்தவர். ஓக்லஹோமா மாநிலத்தில் எனிட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். பால்டிமோரில் பீபடி இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தார். என்ன படித்தார் என்பது முக்கியம். காம்போசிஷன், அதாவது இசை எழுதுவது. தன்னைக் கிடார் கலைஞர் என்பதைவிட இசை எழுதுகிறவன் என்று நினைத்துக்கொள்வதில்தான் அவருக்கு இஷ்டம். மேற்படிப்புக்காகக் கலிஃபோர்னியா வந்த இடத்தில், பாலோ ஆல்டோ நகரத்துத் தியேட்டர் ஒன்றில் அவர் வாசிப்பதை வில்லியம் ஆக்கர்மன் கேட்டார். இந்த ஆக்கர்மன் தச்சு வேலை, வீடு கட்டும் வேலை எல்லாம் பார்த்துக்கொண்டே 'விண்டம் ஹில்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர். அங்கேயே கை துடைக்கிற காகித நாப்கினில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார் என்பது இந்த வட்டாரத்தின் புகழ்பெற்ற கதை. 1981-ல் முதல் ஆல்பம். 1984-ல் 'ஏரியல் பௌண்டரீஸ்'.

அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டால் ஒரு விஷயம் உறைக்கும். தட்டல் எல்லாப் பாட்டிலும் இல்லை. நீல் யங்கின் பழைய பாட்டு ஒன்றை மைக்கேல் மான்ரிங்கின் பேஸ் கிடாருடன் அநியாயத்துக்கு நிதானமாக வாசிக்கிறார். புல்லாங்குழல் சேர்ந்த ஒரு பாட்டு இருக்கிறது. தட்டத் தெரிந்த ஆள் தட்டாமல் இருக்கிறார். தட்டுகிற பாட்டிலும் கவனித்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் காட்டும் அதே அக்கறையை எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் காட்டுவார். வேலை முடிந்த தந்தியை ஒரு விரல் வந்து தொட்டு அடக்கிவிட்டுப் போகும். சாதாரணமாகக் கிடாரில் பழைய ஸ்வரங்களின் எச்சம் புகை மாதிரி மண்டிக்கிடக்கும். இவரிடம் அது கிடையாது. ஒரு 'தும்' விழுந்தால் அதைச் சுற்றி வெற்றிடம் இருக்கிறது. அதனால்தான் அந்தத் 'தும்' நெஞ்சில் விழுகிறது.

நியூயார்க் மாநிலத்துக்காரர் பிரஸ்டன் ரீட் இன்னொரு முன்னோடி. ஹெட்ஜஸை விடத் தாளத்தில் கெட்டி. இடது கையைக் கழுத்துக்கு மேலாகப் போட்டுப் பியானோ மாதிரி அழுத்துவார். 'லேடீஸ் நைட்' என்ற உருப்படியைக் கேட்டால் உட்கார்ந்த இடத்தில் கால் ஆடும். ஆனால் எழுந்து போன பிறகு மனதில் ஒரு மெட்டும் நிற்காது. எனக்கு நிற்கவில்லை.

1997 டிசம்பர் தொடக்கத்தில் ஹெட்ஜஸ் கலிஃபோர்னியாவின் மலைப்பாதை ஒன்றில் கார் விபத்தில் இறந்து கிடந்தார். வயது 43. அடுத்த வருஷம் அவருடைய 'ஆரக்கிள்' ஆல்பத்துக்கு கிராமி விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில்? நியூ ஏஜ். தியானம், மசாஜ், அழகு நிலையம் முதலிய இடங்களில் பின்னணியில் ஓடுமே, அந்த வகையறா. பலகையை அறைந்து வாசித்த மனிதருக்கு இப்படி ஒரு கௌரவம்!

அதுவரை இந்த வித்தை காதால் பரவியது. இசைத்தட்டை வைத்துக்கொண்டு 'எப்படிச் செய்கிறான்?' என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கச்சேரிக்கோ ஒரு பயிற்சி வீடியோவுக்கோ வழி கிடைத்தவர்களுக்குத்தான் கண்ணால் பார்க்கும் பாக்கியம். 2006-ல் நிலைமை தலைகீழானது. கேன்ஸஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்துக்காரர் ஆண்டி மெக்கீ. கனத்த சரீரம், தாடி. 'டிரிஃப்டிங்' என்ற தன் உருப்படியை அவர் வாசிக்கும் வீடியோவை 'கேண்டிராட்' என்ற சின்ன நிறுவனம் யூ டியூபில் ஏற்றியது. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. ஒரு கை கழுத்தின் மேலே, ஒரு கை பலகையில். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

'டிரிஃப்டிங்' நல்ல உருப்படி. கண்ணை மூடிக் கேட்டாலும் மெட்டு நிற்கிறது, தாளம் அதைத் தாங்குகிறது. மெக்கீயின் மீது எனக்கு ஒரு புகாரும் கிடையாது. புகாரெல்லாம் அந்தக் கூட்டம் என்ன பார்த்தது என்பதில்தான். அவர்கள் கையைப் பார்த்தார்கள். அதே ஆள் அதே காலத்தில் 'ரைலின்' என்று மெதுவான ஒன்றை வாசித்திருக்கிறார். எனக்கு அது ஒரு படி மேல். ஆனால் வாய் பிளக்க அதில் ஒன்றுமில்லை.

மறு வருஷமே ஹாலிவுட் வந்து சேர்ந்தது. 'ஆகஸ்ட் ரஷ்' (2007). பெற்றோரைத் தேடும் சிறுவன், தெருப் பிள்ளைகளை வைத்துப் பிழைக்கும் ராபின் வில்லியம்ஸின் ஜாகைக்கு வருகிறான். ஒரு கிடார் கிடக்கிறது. ஜென்மத்தில் கிடாரைத் தொடாத பையன் அதைக் கிடத்தி இரண்டு கையாலும் அறைகிறான். அமர்க்களமான சங்கீதம் கொட்டுகிறது! நம் ஊர் பக்திப் படங்களில் ஊமைப் பிள்ளை திடீரென்று பாடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திரையில் கேட்பது காக்கி கிங் என்ற பெண்ணின் கைவண்ணம். 'தொட்டால் கொட்டும்' என்று இந்தப் படம் சொன்ன பொய்யை நம்பிக் கிடார் வாங்கியவர்கள் உலகெங்கும் எத்தனை பேரோ. பையன் கையைப் பிடித்து யாராவது ஒரு காட்சியாவது சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

பிறகு வந்தது வெள்ளம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் கிடாரை மடியில் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தார். வாசிப்பதெல்லாம் ஊருக்கே தெரிந்த பாட்டு. அதுதானே பார்வையாளரை இழுக்கும்? நடுவில் கிடாரை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார்கள். மூன்று கழுத்து வைத்த கிடார், ஐந்து பேர் ஒரே கிடார், காலால் ஒரு ஷேக்கர். நான் பி.காம். படித்தவன், எனக்கு இதில் முதலில் தெரிவது செலவுக் கணக்கு. டிரம்காரர், பேஸ்காரர் சம்பளம் மிச்சம். ஒரே ரயில் டிக்கெட், ஒரே லாட்ஜ் அறை. பப்பில் வாசித்துப் பிழைக்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை, கேலி செய்யவும் கூடாது. எட் ஷீரன் இதை அடுத்த கட்டத்துக்கே கொண்டுபோனார். கிடாரை ஒரு தரம் தட்டுவார். காலடியில் உள்ள லூப் இயந்திரம் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலிக்கும். 2017-ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் அத்தனை பெரிய மேடையில் தனி ஆளாக நின்று இப்படித்தான் ராத்திரியை முடித்தார். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரம் தட்ட ஆரம்பித்துவிட்டால், கிடாரைத் தட்டுவதற்கும் காலி டப்பாவைத் தட்டுவதற்கும் வேறுபாடு மெலிந்துபோகிறது.

இப்போது முன்பு சொன்ன சண்டை. ஹெட்ஜஸின் தட்டு, கை காலியானதால் வந்தது. மெட்டின் உள்ளேயிருந்து கிளம்பியது. தட்டை எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிடும். இன்றைய முக்கால்வாசி வீடியோக்களில் தட்டை எடுத்துவிட்டால் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. வீடியோவுக்குத்தான் ஆபத்து. சாப்பாட்டில் உப்பு வேறு, மேலே ஒட்டிய வெள்ளி ஜரிகை வேறு. ஜரிகை ஒட்டிய பர்ஃபி நாக்கில் எப்படி இருக்கிறது என்று கண்ணை மூடித் தின்று பாருங்கள்.

கண்ணை மூடினால் சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஜான் காம் தேறுகிறார். 'பேஷன்ஃபிளவர்' என்ற அவர் பாட்டை 2012 ஜனவரியில் நடிகர் ஸ்டீஃபன் ஃபிரை ட்விட்டரில் புகழப்போய் ஒரே நாளில் உலகம் முழுக்கத் தெரிந்தது. பாட்டு நடக்கும்போதே பிருடையைத் திருகி ஸ்வரத்தை வளைக்கிறார். அதற்கென்றே பாஞ்சோ வகைப் பிருடை மாட்டியிருக்கிறார். எழுதிக் காட்டினால் சர்க்கஸ் என்றுதான் தோன்றும். கேட்டால், அந்த வளைவு பாடுகிற குரலோடு சேர்ந்து நெளிகிறது. அவர் பாடுவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாடுகிறவனுக்குத் தட்டு எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

போலந்துக்காரர் மார்ச்சின் விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. 2000-ல் பிறந்தவர். 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டியில் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் கிடாரில் தட்டி எடுத்து உலகப் பிரசித்தி பெற்றவர். அந்த விரல் சுத்தம் நிஜமானது, அந்தக் கால அளவும் அசாத்தியம். குறையெல்லாம் ஒன்றுதான், மூச்சு விடமாட்டேன் என்கிறார். இரண்டு நிமிடத்தில் எல்லா ஆயுதத்தையும் எடுத்து வீசிவிடுகிறார். பீத்தோவன் அந்த நான்கு ஸ்வரத்துக்குப் பிறகு ஒரு நிறுத்தம் போட்டாரே, சும்மாவா போட்டார்? நிறுத்தம் போட்டால் விரல் ஸ்க்ரீனைத் தள்ளிவிட்டுப் போய்விடும் என்ற பயம் இந்தத் தலைமுறைக்கு. பயம் நியாயமானதுதான். ஆள் இளைஞர், கை இருக்கிறது. நாற்பது வயதில் என்ன வாசிப்பார் என்று அறிய ஆவலாக இருக்கிறது.

காக்கி கிங்குக்கு வருகிறேன். அட்லாண்டாக்காரர், சின்ன வயதில் டிரம் வாசித்தவர். நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் வாசித்துத் தொடங்கி, 2003, 2004-ல் அடுத்தடுத்து இரண்டு ஆல்பம். தட்டுகிற கிடார் உலகின் ராணி இவர்தான் என்று கொண்டாடினார்கள். உடனே என்ன செய்தார் தெரியுமா? 2006-ல் மூன்றாவது ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிடாரை எடுத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். தட்டலுக்காகக் கைதட்டிய கூட்டத்தில் பாதிக்கு முகம் சுருங்கியது. 2014-ல் திரும்பவும் புதிதாக ஒன்று. கிடாரை நடுமேடையில் நிறுத்தி, அதன் உடம்பையே வெள்ளித்திரையாக்கி அதன்மேல் சலனப் படங்களை விழச்செய்து வாசித்தார். எல்லாம் எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். மூன்றாவது ஆல்பத்தில் சில பாட்டு தூக்கத்தை வரவழைக்கிறது. ஆனால் நன்றாக விற்ற சரக்கை அவரே கடையிலிருந்து எடுத்தார். ஊரே தட்ட ஆரம்பித்த வருஷத்தில் அவர் நிறுத்தினார்.

சரி, இத்தனை பேரில் உனக்குப் பிடித்த கை யாருடையது என்று கேட்டால், தனியாக வாசிக்கிற யாரையும் சொல்லமாட்டேன். மெக்ஸிகோவின் கேப்ரியலா கின்டேரோ. ரோட்ரிகோ சான்செஸ் என்ற கூட்டாளியுடன் ஹெவி மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தவர். சொந்த ஊரில் சுகப்படாமல் 1999-ல் இருவரும் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்குப் போய்த் தெருவில் வாசித்தார்கள். 2006-ல் அவர்கள் ஆல்பம் அயர்லாந்தில் முதலிடத்துக்கு வந்தது. இவர்களிடம் ஒருவரே எல்லாம் செய்கிற வீம்பு கிடையாது. ரோட்ரிகோ மெட்டை வாசிக்கிறார். கேப்ரியலா தாளம். அந்த வலது கை தந்தியில் உரசி, பலகையில் குட்டு வைத்து, திரும்பி வரும்போது நகத்தால் வாரிக்கொண்டு வருகிறது. எது கிடார், எது டிரம் என்று கோடு கிழிக்க முடியாது. ஃப்ளமெங்கோவா என்று கேட்டால் இல்லை என்பார்கள். உண்மையும் அதுதான், அது மெட்டல் டிரம்காரரின் ஆவேசம். 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை அவர்கள் வாசிப்பதைக் கேட்டால், பாதி வரை அந்தக் கை எவ்வளவு அடக்கமாகக் காத்திருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக, பெற்றோர் சிலருக்கு. பையனோ பெண்ணோ இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டுக் கிடாரைச் சாத்த ஆரம்பித்திருந்தால் பதறாதீர்கள். ஆனால் முழு ஸ்ப்ரூஸ் பலகை போட்ட விலையுயர்ந்த கிடாரை இப்போதே வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒட்டுப்பலகை கிடார் சத்தத்தில் மட்டம், அடி தாங்குவதில் உசத்தி. முதல் ஆறு மாசத்துக்கு அது போதும். தட்டுகிற இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டிக்கொள்ளலாம், ஸ்பானியர்கள் செய்கிற மாதிரி. கையில் மோதிரம், காப்பு, வாட்ச் இருந்தால் கழற்றி வைத்துவிட்டுத் தட்டச் சொல்லுங்கள். பலகையில் விழுகிற கோடு எந்தப் பாலீஷுக்கும் போகாது.